கடலுக்குக் காய்ச்சல் பார்த்தவள்

கடலுக்குக் காய்ச்சல் அடிக்கிறதா என்று பார்க்கச் சம்பளம் கொடுத்து ஓர் ஆளை வைத்திருந்தார்கள் என்றால் வெளியாட்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அந்தத் துறைமுகத்தில் ஒருத்தி ஏறக்குறைய அரை ஆயுளை அந்த வேலையில்தான் கழித்தாள். காலையில் ஒரு தடவை, வெயில் சாய்ந்தபின் ஒரு தடவை, கயிறு கட்டிய வாளியை படகு அணையும் ஜெட்டி மேடையிலிருந்து கடலில் இறக்குவாள். மேல்தண்ணீரை மொண்டு எடுத்து, தெர்மாமீட்டரை அதில் விட்டு, எத்தனை டிகிரி என்று பார்த்து வானிலை ஆபீசில் சொல்வாள். அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் பெரியவர் சிறியவர் எல்லோருக்கும் அவள் வாளியக்கா.

அவள் கணவர் அந்த ஆபீசில் கடைநிலை ஊழியர். காய்ச்சலில் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. அவருடைய வேலையை அவளுக்குக் கொடுத்தார்கள். கூட்டுவது, டீ போடுவது, ஃபைல்களை ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குச் சுமப்பது, இதெல்லாம்தான் வேலை. கொசுறாக வந்தது அந்த வாளி. முன்பு இருந்தவர்களுக்கெல்லாம் அது ஒரு தொல்லை. அவளுக்கு அதுதான் உத்தியோகம், மற்றதெல்லாம் கொசுறு.

அதற்கென்று ஒரு முறை உண்டு. முதலில் வாளியைக் கடலில் இரண்டு மூன்று தரம் முக்கி அலச வேண்டும், இல்லாவிட்டால் வாளியின் சூடு தண்ணீரில் ஏறிவிடும். எடுத்த வாளியை நிழலில் வைக்க வேண்டும். மிக முக்கியம், தெர்மாமீட்டரின் குமிழ் தண்ணீருக்குள் இருக்கும்போதே குனிந்து படிக்க வேண்டும். வெளியே தூக்கினால் ஈரக் கண்ணாடியில் காற்று பட்டு அது சட்டென்று இறங்கிப் பொய் சொல்லும். அவள் குனிந்து படிக்கும் நேரத்தில் யாராவது பேச்சுக் கொடுத்தால் போச்சு. ஒரு பார்வை பார்ப்பாள், பேசியவருக்கு மறுநாள் வரை வாய் திறக்காது.

இவ்வளவு சுத்தக்காரிக்கு ஒரே ஒரு குறை. தன்மேல் தவறு என்று ஒப்புக்கொண்டதாகச் சரித்திரமே கிடையாது. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். ஒருமுறை ஆபீஸ் டீயில் சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டுவிட்டாள். ஆபீசர் முகத்தைச் சுளித்ததும், "வேகாத வெயில்ல வேலை பாக்கிறீங்க, உடம்புக்கு உப்பு வேணும் சார், குடிங்க" என்றாள். மனிதர் பாவம், குடித்தே முடித்தார்.

அவளுக்கு இருந்த ஒரே உறவு தம்பி. அம்மா போன பிறகு அவள்தான் அவனை வளர்த்தாள், அடித்தாள், ஆளாக்கினாள். அவனிடம் ஒரு விசைப்படகு, கூடப் போக இரண்டு ஆட்கள். வலைக் கிடங்குக்குப் பின்னால் ஓர் அறையும் அடுப்படியும் உள்ள வீட்டில் அக்காவும் தம்பியும் குடியிருந்தார்கள். மாலையில் செருப்பைக் கழற்றும்போதே அவன் கேட்பான்.

"அக்கா, இன்னைக்கு உன் நோயாளிக்கு எத்தனை டிகிரி?"

அவள் சொல்வாள். வேடிக்கைப் பேச்சுதான், ஆனால் வெறும் வேடிக்கை இல்லை. ஆபீசர் ஒரு நாள் பொறுமையாக உட்காரவைத்து அவளுக்கு விளக்கியிருந்தார். கடலின் மேல்தண்ணீர் எவ்வளவுக்குச் சூடாகிறதோ அவ்வளவுக்கு ஆவி எழும்பும். புயல் அந்த ஆவியைத் தின்றுதான் கொழுக்கும். குளிர்ந்த தண்ணீர்மேல் வந்தால் இரை இல்லாமல் இளைத்துப்போகும். மேலே வீசும் காற்று, சூடு எத்தனை ஆழம்வரை இறங்கியிருக்கிறது, இவையும் உண்டு என்று அவர் சொன்னார். அந்தப் பாதியை அவள் காதில் வாங்கவில்லை. வாங்கிய பாதியைத் தம்பிக்குச் சொன்னாள், தம்பி துறைமுகத்துக்கே சொன்னான். கடல் சூடு என்றால் தூரம் போகாதே, சூடில்லை என்றால் பயப்படாதே. முப்பதைத் தொட்டால் சூடு, இது அவர்கள் கணக்கு. ரேடியோவில் வரும் அறிக்கைக்குப் பதில் வாளியக்கா சொல்லும் எண்ணைக் கேட்டுவிட்டு டீசல் போடுகிறவர்கள் நாலைந்து பேர் உருவானார்கள். அவளுக்கு அதில் கொஞ்சம் பெருமை. கொஞ்சம் என்ன, நிறையவே.

அந்த வருஷக் கோடை ஒரு மாதிரியாக வந்தது. வழக்கமாகப் பிற்பகலில் கடலிலிருந்து எழும் காற்று எழவே இல்லை. துவைத்துப் போட்ட துணி மறுநாளும் பிசுபிசுத்தது. கரையோரத்தில் கிடைக்கும் மத்தி மீன் வலையில் விழவில்லை. அது எங்கோ குளிர்ந்த தண்ணீர் தேடிப் போய்விட்டது. அதற்குப் பதில் கண்ணாடித் தட்டு போன்ற சொறி என்கிற ஜெல்லி மீன்கள் கூட்டம் கூட்டமாக வலையை அடைத்துக்கொண்டு வந்தன, அவற்றைத் தொட்டவன் கை சிவந்து தடித்தது. மூச்சுப் பிடித்து முக்குளிப்பவர்கள் பாறைப் பக்கம் பவளமெல்லாம் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்துக் கிடப்பதாகச் சொன்னார்கள். மீன் தூரம் போனதால் படகுகளும் தூரம் போயின.

அந்த வெயிலில்தான் வாளியக்கா இடம் மாறினாள். எப்போதும் ஜெட்டியின் நுனிக்குப் போய்த்தான் வாளியை இறக்குவாள். நுனி வரை ஒரு பொட்டு நிழல் கிடையாது. சிமெண்ட் தரை செருப்பைத் தாண்டிச் சுட்டது, முழங்கால் வேறு வலித்தது. நிழலின் அருமை வெயிலில்தானே தெரியும். ஐஸ் கம்பெனிச் சுவரை ஒட்டிக் கடலுக்குள் இறங்கும் படிக்கட்டு ஒன்று இருந்தது, அங்கே நாள் முழுக்க நிழல். எங்கே எடுத்தால் என்ன, அதே கடல்தானே என்று அங்கே இறக்கினாள். தண்ணீரில் கை வைத்தால் இதமாக இருந்தது. இருபத்தெட்டு. மறுநாளும் இருபத்தெட்டு. ஊரே புழுங்கினாலும் கடல் நல்லபடியாக இருக்கிறது என்று எல்லோருக்கும் சொன்னாள்.

ஆபீசர் ஒரு நாள் அவளைக் கூப்பிட்டார். நல்ல மனிதர், சத்தம் போடத் தெரியாதவர்.

"அக்கா, சேட்டிலைட் இந்தக் கரை முழுக்க முப்பத்தொண்ணுன்னு காட்டுது. உங்க வாளி இருபத்தெட்டுங்குது. எங்க எடுக்கிறீங்க?"

"எடுக்கிற இடத்துலதான் எடுக்கிறேன் சார்."

"இல்ல, ஏதாவது வாய்க்கால், குழாய் பக்கத்துல..."

"ஏன் சார், வானத்துல இருந்து பாக்கிறதுக்குத் தெரியுது, தண்ணியில கையை விடுற எனக்குத் தெரியலையா? நான் வாளி பிடிக்க ஆரம்பிச்சப்போ உங்க சேட்டிலைட் எங்க இருந்துச்சு?"

அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். அவளுடைய எண்ணை அறிக்கையில் சேர்க்காமல் ஒதுக்கி வைத்தார். அதை அவளிடம் சொல்ல மனமில்லை. சொல்லியிருக்கலாம். ஒருவர் மனம் நோகக் கூடாது என்று நாம் விழுங்கும் சொற்கள் எங்கெங்கோ போய் வேலையைக் காட்டிவிடுகின்றன.

தூரத்துக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு ஒன்று உருவாகியிருக்கிறது, தொலைவுக்குப் போவதைத் தவிர்க்கவும் என்று மறுவாரம் ரேடியோ சொன்னது. தம்பி பனிப்பெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தான். பக்கத்துப் படகு மீசைக்காரருடையது. பெரிய மீசை, மெல்லிய குரல், யாரிடமும் அதிர்ந்து பேசாத மனிதர். வாளியக்காவின் கணவர் இறந்த வருஷம் கேட்காமலேயே வாரந்தோறும் மீன் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போனவர் அவர்தான்.

"மாசத்துக்கு ரெண்டு தடவை இப்படித்தான் பயமுறுத்துறாங்க" என்றான் தம்பி. "அக்கா, உன் வாளி என்ன சொல்லுது?"

"இருபத்தெட்டு."

"கேட்டீங்களாண்ணே? அதுக்குத் தீனி இல்ல. வந்தாலும் நோஞ்சானாதான் வரும்."

மீசைக்காரர் அவளைப் பார்த்தார். "நிஜமாவா தங்கச்சி?"

"என் வாளி என்னைக்குண்ணே பொய் சொல்லிருக்கு?" என்றாள் அவள்.

இரண்டு படகும் விடிவதற்குள் கிளம்பிப் போயின.

மறுநாள் மாலை அவள் படிக்கட்டில் வழக்கம்போல் அளந்தாள். வேர்த்துக் கொட்டியது. வாளித் தண்ணீரை இரு கையாலும் அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டாள். உதட்டில் வழிந்த துளியை நாக்கு தொட்டது. அவள் அப்படியே நின்றுவிட்டாள்.

உப்பு இல்லை. இருந்தது, ஆனால் கடலின் உப்பு இல்லை. சப்பென்று இருந்தது.

படியில் மண்டியிட்டுக் கீழே கையை விட்டுத் துழாவினாள். கடைசிப் படிக்கு அடியில் ஒரு குழாய் வாய். அதிலிருந்து சில்லென்று தண்ணீர் வந்துகொண்டிருந்தது. கோடையில் ஐஸுக்குக் கிராக்கி என்று ஐஸ் கம்பெனியில் புது மெஷின் போட்டிருந்தார்கள். உறைந்த ஐஸ் டின்னிலிருந்து கழன்று வருவதற்காக டின்னோடு தண்ணீர்த் தொட்டியில் முக்குவார்கள். அந்தத் தொட்டி வழிந்து வரும் தண்ணீருக்குத்தான் இந்தக் குழாய். நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரைவிட லேசு. கலக்காமல் மேலாகவே படர்ந்து கிடக்கும். இத்தனை நாளும் அவள் மொண்டது கடலை அல்ல.

வாளியைத் தூக்கிக்கொண்டு ஜெட்டி நுனிக்கு ஓடினாள். முழங்கால் வலி எங்கே போனதென்று தெரியவில்லை. அலசினாள், எடுத்தாள், தன் நிழலையே வாளிக்குக் குடையாக்கிக் குனிந்தாள். முப்பத்தொன்று. கொட்டிவிட்டு மறுபடி எடுத்தாள். முப்பத்தொன்றுக்கும் கொஞ்சம் மேலே.

ஆபீசுக்குள் அவள் நுழைந்தபோது ஆபீசர் வயர்லெஸ் பெட்டியின் முன்னால்தான் உட்கார்ந்திருந்தார். அவர் முகமே சரியில்லை.

"புயலாயிடுச்சு அக்கா. ஒரே நாள்ல. தண்ணி அவ்வளவு சூடு, கிடுகிடுன்னு பெருத்துடுச்சு. நம்ம பக்கம்தான் திரும்புது. எல்லாப் படகையும் கூப்பிட்டுட்டு இருக்கேன்."

"என் தம்பி?"

"பதில் சொல்றான். வர மாட்டேங்கிறான்."

அவள் மைக்கை வாங்கினாள். கரகரவென்ற இரைச்சலுக்கு நடுவே தம்பியின் குரல் உற்சாகமாக வந்தது.

"அக்கா! மீனுன்னா மீனு, இப்பதான் விழ ஆரம்பிச்சிருக்கு. இன்னும் ஒரு வலை போட்டுட்டு வந்துடறோம். இவங்க சும்மா பயமுறுத்துறாங்க, நீதான் இருபத்தெட்டுன்னு சொன்னியே."

புயல் வருகிறது, வாடா என்று மட்டும் சொல்லியிருக்கலாம். அதைத்தான் ஆபீசர் சொல்லிப் பார்த்துவிட்டாரே. அவன் நம்புவது புயலை அல்ல, அவளை.

"தம்பி. நான் சொன்னது தப்பு."

மைக்கை வாயோடு ஒட்டிப் பிடித்தாள்.

"ஐஸ் கம்பெனித் தண்ணியை அளந்துட்டேன்டா. கடல் முப்பத்தொண்ணு. தப்பு என்மேலதான். திரும்புடா."

"அக்கா," என்றான் அவன், குரலில் சிரிப்பு போயிருந்தது, "தப்புன்னு நீயா சொல்றே?"

"நான்தான் சொல்றேன்."

"வலையை அறுத்துட்டுத் திரும்புறோம்."

பிறந்ததிலிருந்து அந்த ஒரு சொல்லை அவள் வாயிலிருந்து அவன் கேட்டதில்லை. வேறு எதைச் சொல்லியிருந்தாலும் இன்னொரு வலை போட்டிருப்பான்.

"மீசை அண்ணன் எங்கடா? அவர்கிட்டயும் சொல்லு!"

"எங்களைத் தாண்டி உள்ள போயிட்டாருக்கா. கூப்பிட்டுட்டுதான் இருக்கேன், எடுக்க மாட்டேங்கிறாரு. அவர் வயர்லெஸ் செட்டுல சார்ஜ் நிக்கிறதில்ல."

அவள் மைக்கை விடவில்லை. அண்ணே, அண்ணே, நான்தான் வாளி, என் கணக்கு தப்பு, திரும்புங்க என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். ஆபீசர் தடுக்கவில்லை. பதில் வரவில்லை.

தம்பியின் படகு மறுநாள் விடிந்தபின், வானம் சாம்பலாகிக் காற்று ஊளையிட ஆரம்பித்த நேரத்தில் வந்து சேர்ந்தது. அவன் இறங்கி வந்தான். அவள் அவனைக் கட்டிக்கொள்ளவில்லை. அவனைத் தாண்டிக் கடலையே பார்த்தாள். அவனும் திரும்பிப் பார்த்தான். பின்னால் யாரும் வரவில்லை.

அன்று பகல் முழுவதும் புயல் அடித்தது. வலைக் கிடங்கின் தகரக் கூரை பிய்ந்து பறந்தது. அலை ஜெட்டிமேல் ஏறி ஆபீஸ் வாசல்வரை வந்தது. அதெல்லாம் பிறகு சரிசெய்துவிட்டார்கள். மீசைக்காரரும் அவருடைய இரண்டு ஆட்களும் திரும்பவில்லை. பல நாள் தேடினார்கள். நீல வண்ணம் பூசிய பலகை ஒன்று வேறொரு கரையில் ஒதுங்கியது. அது அவர் படகினுடையதுதான் என்று தம்பி அடையாளம் சொன்னான், சொல்லிவிட்டு ஓரமாகப் போய் உட்கார்ந்து அழுதான்.

ஆபீசர் அவளைத் தேற்றப் பார்த்தார். "உங்க ஒரு வாளியை வச்சு யாரும் புயலைக் கணிக்கல அக்கா. எங்க அறிக்கை சரியாத்தான் போச்சு."

அது அவளுக்கு ஆறுதலாக இல்லை. அறிக்கை சரியாகத்தான் போயிருக்கும். ஆனால் மீசைக்காரர் அறிக்கையைக் கேட்டா போனார்? முகத்துக்கு நேரே, நிஜமாவா தங்கச்சி என்று கேட்டுவிட்டுத்தானே போனார்.

புயல் போனபின் நுனியில் வாளியை இறக்கினாள். இருபத்தேழு. அவ்வளவு பெரிய காற்று கடலைப் புரட்டிப்போட்டு, அடியில் கிடந்த குளிர்ந்த தண்ணீரை மேலே கொண்டுவந்துவிட்டது என்று ஆபீசர் சொன்னார். சில வாரத்தில் மத்தி கரையோரத்துக்கே திரும்பி வந்தது. கூடை கூடையாக விழுந்தது. எதைத் தேடி மீசைக்காரர் அத்தனை தூரம் போனாரோ அது இப்போது கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் துள்ளியது. அந்தக் கூடைகளைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

மீசைக்காரரின் மனைவி மீன் ஏலம் எடுத்து விற்க வந்தாள். அதற்குமுன் அவள் துறைமுகத்துப் பக்கம் வந்தவளே இல்லை. தலையைக் குனிந்தபடி வந்து, வாங்கி, போய்விடுவாள். அவள் வரும் நேரத்தில் வாளியக்கா ஆபீசுக்குள் புகுந்துகொள்வாள். எத்தனை நாளைக்கு ஒளிய முடியும்? ஒருநாள் வாளியை வைத்துவிட்டு நேராக ஏலக்கூடத்துக்குப் போனாள்.

"அண்ணி, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

அந்த அம்மாள் கூடையைக் கீழே வைத்தாள்.

வாளியக்கா எல்லாவற்றையும் சொன்னாள். நிழலைத் தேடிப் போனது, குழாய், ஆபீசர் கேட்டபோது அவரை மடக்கியது, கடைசியாக மீசைக்காரர் கேட்ட கேள்வி, அதற்குத் தான் சொன்ன பதில். ஒன்றையும் பூசி மெழுகவில்லை. சொல்லி முடித்துவிட்டு மீன்பெட்டியைப் பிடித்துக்கொண்டாள்.

"தெரியும்" என்றாள் மீசைக்காரரின் மனைவி. "உன் தம்பி அன்னைக்கே வந்து சொல்லிட்டுப் போயிட்டான். நீ எப்ப வருவேன்னு பாத்துட்டு இருந்தேன்."

வாளியக்கா நிமிர்ந்து பார்த்தாள்.

"மன்னிச்சிட்டேன்னு என் வாயில வராது. அதுக்காக என் முன்னால நிக்காதே."

"அதுக்கு நிக்கல, அண்ணி."

"என் பெரியவன் உன் தம்பி படகுல போகப்போறான். வேணாம்னாலும் கேக்கல, அப்பனை உரிச்சு வச்சிருக்கான்." அவள் கூடையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள். "நாளைக்கு எங்க எடுப்பே?"

"நுனியில."

"நானும் வரேன். என் கண்ணால பாக்கணும்."

மறுநாள் காலை இருவரும் ஜெட்டியின் நுனிவரை நடந்தார்கள். வெயில் அதற்குள் ஏறியிருந்தது. வாளியக்கா வாளியை முக்கி அலசினாள், மறுபடி அலசினாள், தண்ணீரை மொண்டு மேலே எடுத்தாள். அந்த அம்மாள் கேட்காமலேயே குனிந்து ஒரு விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தாள். உப்புத்தான் என்று தலையை ஆட்டிவிட்டு வாளிக்கு நிழலாக நின்றாள்.

வாளியக்கா தெர்மாமீட்டரைத் தண்ணீருக்குள் விட்டாள். வழக்கமாக அவள் குனியும் நேரம் வந்தது. அவள் குனியவில்லை. குமிழ் வெளியே வராமல் பிடித்துக்கொண்டு ஒதுங்கி இடம் விட்டாள்.

"நீங்க படிங்க அண்ணி."

அந்த அம்மாள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நெடுநேரம் பார்த்தாள். பிறகு எண்ணைச் சொன்னாள். அன்று வாளியக்கா ஆபீசில் போய்ச் சொன்னது அந்த எண்ணைத்தான்.